இடி கேட்டால் வெளியேறும் சென்டர் ஹாஃபுக்கு

நேற்றுச் சாயங்காலம் என் பேத்தி தொலைக்காட்சிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து நாற்காலியில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். சிவப்புச் சட்டை போட்ட ஓர் அணி. மொராக்கோ என்றாள். அது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "ஆப்பிரிக்காவுல மேல் ஓரத்துல இருக்கு தாத்தா" என்றாள். அந்த அணியின் நடுவில் ஆடிய ஒருவனைக் காட்டி, இவன்தான் எனக்குப் பிடித்த ஆள் என்று ஒரு பெயரும் சொன்னாள். பெயர் என் வாயில் நிற்கவில்லை. ஆள் மட்டும் கண்ணில் நின்றுவிட்டான்.

பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே அவன் இரண்டு கையையும் விரித்து, பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்ட தன் ஆட்களை விரட்டினான். போ, தள்ளிப் போ என்று. அவர்கள் போனார்கள். பிறகுதான் பந்தை வாங்கினான். வாங்கிய பிறகும் அலட்டிக்கொள்ளவில்லை, ஓடவில்லை. யார் எங்கே நிற்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, தூரத்தில் நின்ற ஒருத்தன் காலில் பந்தைக் கொண்டுபோய் வைத்தான். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, "ஒரே இடத்துல நாலு பேருக்கு மேல நிக்காதலே!" என்று கத்திவிட்டேன்.

பேத்தி பயந்துபோய்க் காப்பி டம்ளரைக் கவிழ்த்துவிட்டாள். அடுப்படியிலிருந்து மருமகள் கரண்டியோடு ஓடி வந்தாள். "யாரைத் தாத்தா ஏசுறீக?" என்றாள் பேத்தி.

யாரையும் ஏசவில்லை. உன் சத்தம்தான் அது. அறுபது வருடத்துக்கு மேல் என் தொண்டைக்குள் கிடந்து, நேற்று வெளியே வந்துவிட்டது. நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்று காலையில் பேத்தியின் நோட்டில் சில தாள்களைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ இதைப் படிக்க மாட்டாய் என்று தெரியும். இருந்த காலத்திலும் என் கடிதத்தை நீயாகப் படித்ததில்லை. உன் வீட்டுக்காரியை வாசிக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். அப்படியே இதையும் கேள்.

எனக்கும் உனக்கும் ஒரே வயது. நான் சிவகாசியில் லித்தோ அச்சகத்தில் கல் அச்சில் பட்டாசு லேபிள் அடிக்கிறவன். நீ நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவன். நீ கலந்த மருந்து நான் அடித்த லேபிளைச் சுமந்துகொண்டுதான் தீபாவளிக்கு ஊர் ஊராகப் போகும். முதல் நாள் மைதானத்தில் பார்த்தபோதே, "அந்தக் கிளி லேபிள் அடிச்சது நீதானாலே? மூக்கு கோணலா இருக்கு" என்றாய். அது எனக்கு மேலே இருந்த ஓவியர் வரைந்த மூக்கு என்று எத்தனை தடவை சொல்லியும் நீ கேட்கவில்லை. சாகும்வரை அந்தக் கிளி மூக்கு என் கணக்கில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து, சோறு தின்று, வெயில் தாழ்ந்ததும் நான் மிஷன் பள்ளிக்கூட மைதானத்துக்கு வருவேன். நீங்கள் எல்லாரும் அதற்குள் வந்திருப்பீர்கள். பதினொரு பேரில் பத்துப் பேர் பட்டாசுக்காரர்கள். உன் கம்பெனி, விஸ்வநத்தம் கம்பெனிகள், அச்சங்குளத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிற இரண்டு பேர். அச்சகத்துக்காரன் நான் ஒருவன்தான். உயரமாக இருந்ததால் என்னைக் கோல் காக்கிற கோலி ஆக்கினார்கள். ஓடச் சொன்னால் எனக்கு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரிந்த இன்னொரு காரணம்.

நீ சென்டர் ஹாஃப். ஆட்டத்தின் நடுவில் நிற்கிறவன். வேறு ஊர்க்காரர்கள் ஆட்டத்தை மைதானத்தில் கற்றுக்கொண்டார்கள், நீ மருந்து ரூமில் கற்றுக்கொண்டாய். அந்த ரூமுக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நீயும் மைதானத்தில் ஒரே இடத்தில் ஐந்தாவது ஆள் வந்தால் கத்துவாய். அதனாலேயே நம் ஆட்கள் எப்போதும் பரந்து நிற்பார்கள், எதிராளிக்கு யாரைப் பிடிப்பது என்று தெரியாது. மருந்து ரூமில் எதையும் இழுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். நீயும் பந்தைத் தேய்த்து உருட்டியதில்லை. தூக்கி, நாற்பது அடி தாண்டி, இடது ஓரத்தில் ஆடுகிற லெஃப்ட் அவுட்டின் காலடியில் இறக்கி வைப்பாய். மருந்து ரூமில் ஓடக் கூடாது. நீயும் ஓட மாட்டாய்.

நீ நடக்கிற வேகத்தில் மற்றவர்கள் ஓடுவார்கள், அது வேறு விஷயம். ஆனாலும் பார்க்கிறவனுக்கு நீ நடப்பதுதான் தெரியும். சாத்தூர் ஆட்டத்தில் ஒரு ஆள் கோட்டுக்கு வெளியே நின்று, "என்னப்பா, பொண்ணு பாக்கப் போறியா? வெரசா ஓடுப்பா" என்று கத்தினான். நீ நின்று, அவனைத் திரும்பிப் பார்த்து, "பொண்ணு பாத்தாச்சுண்ணே. நீங்கதான் மொய் எழுதணும்" என்று சொல்லிவிட்டுப் பந்தைத் தூக்கிப் போட்டாய். அடுத்த நிமிடம் கோல் விழுந்தது. அவனே கை தட்டினான்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், விருதுநகரில் மதுரை மில் அணியோடு நமக்கு ஆட்டம். ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுப்பதற்கு மெட்ராஸிலிருந்து ஒருவர் வருகிறார், உன்னைத்தான் பார்க்க வருகிறார் என்று இரண்டு வாரமாகப் பேச்சு. ஸ்டேட் டீமில் ஆடினால் ரயில்வேயில் வேலை நிச்சயம் என்று எல்லாருக்கும் தெரியும். ரயில்வே வேலை என்றால் மருந்து ரூமை விட்டு வெளியே வரலாம். உன் அண்ணன் அதே ரூமில் இரண்டு கையையும் தீக்குக் கொடுத்துவிட்டு, விரல்கள் ஒட்டிப்போய், அப்போது கம்பெனி வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். உன் அம்மா என்னை வழியில் பார்த்தால், "அய்யா, அவன் எப்படியாவது அந்த ரயிலு வேலைக்குப் போயிரணும்யா. நீயும் உங்க சாமிகிட்டச் சொல்லு" என்பாள். சொன்னேன். உண்மையாகவே முழங்கால் போட்டுச் சொன்னேன்.

ஆட்டத்தன்று நம் பதினொரு பேரும் தாள் ஏற்றுகிற லாரியின் பின்னால் நின்றுகொண்டு விருதுநகர் போனோம். உன் அண்ணனும் வந்தார். மெட்ராஸ்காரர் வெள்ளைத் தொப்பி வைத்து, மடக்கிய குடையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் சின்ன நோட்டு. முதல் பாதியில் நீ ஆடிய ஆட்டத்தைப் போல் அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. மதுரைக்காரர்கள் எல்லாரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள். நீ வெறுங்காலோடு அவர்களுக்கு நடுவே நடந்து, பந்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாய். எனக்கு வேலையே இல்லை. கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு தொப்பிக்காரர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாதியில் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு கோலும் விழவில்லை. பந்து உன் காலில் இருந்தது. மூன்று பேர் உன்னை மறித்து நின்றார்கள். உன் இடது கால் பின்னால் போனது, இதோ தூக்கப் போகிறாய் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து வானம் இடித்தது. சாதாரண இடி இல்லை, தலைமேல் விழுந்த இடி.

நீ பந்தை அப்படியே விட்டாய். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, "வெளிய!" என்றாய்.

அவ்வளவுதான். ஒன்பது பேரும் ஏன், எதற்கு என்று கேட்காமல் திரும்பினார்கள். இடி கேட்டால் கையில் இருப்பதை இருக்கிற இடத்தில் விட்டுவிட்டு ரூமை விட்டு வெளியேற வேண்டும் என்பது உங்களுக்கெல்லாம் தாய்ப்பாலோடு ஊட்டிய பாடம். கம்பெனியில் பழக்கியபடியே, ஒருத்தனை ஒருத்தன் இடிக்காமல், கையை வீசாமல், விறுவிறுவென்று நடந்து கோட்டைத் தாண்டி வெட்டவெளியில் போய் நின்றீர்கள். அங்கேயும் கும்பலாக நிற்கவில்லை. நாலு பேர் ஓரிடம், நாலு பேர் ஓரிடம், தள்ளி நீயும் இன்னொருத்தனும்.

எனக்கு அந்தப் பாடம் கிடையாது. அச்சகத்தில் இடி இடித்தால் தாள் நனையாமல் ஜன்னலைச் சாத்துவோம், அதோடு சரி. மைதானத்தில் நம் அணி என்று சொல்ல நான் ஒருத்தன் மட்டும் நின்றேன். மதுரைக்காரர்கள் திகைத்துப்போய் ரெஃபரியைப் பார்த்தார்கள். அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். எந்தக் குற்றத்துக்கு ஊதுவது என்று பாவம் அவருக்கும் தெரியவில்லை. அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டுக்குத்தான் முதலில் சுதாரிப்பு வந்தது. பந்தை எடுத்தான். அவனுக்கும் எனக்கும் நடுவில் ஈ காக்கை இல்லை.

அப்போது நீ ஓடி வந்தாய். நான் என் கண்ணால் பார்த்தேன், நீ ஓடினாய். வேட்டைக்குப் போகிற நாய் மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு, கோட்டுக்கு வெளியேயிருந்து உள்ளே ஓடி வந்தாய். அப்பாடா, இவனுக்காவது புத்தி வந்ததே, பந்தைத் தடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். நீ அந்த ஃபார்வர்டைத் தாண்டினாய். பந்தையும் தாண்டினாய். நேரே என்னிடம் வந்து, என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, கோலை விட்டு வெளியே இழுத்துப் போட்டாய். நாம் இரண்டு பேரும் உருண்டுகொண்டிருந்தபோது பந்து நம்மைத் தாண்டி நிதானமாக உள்ளே போனது.

ஜனம் சிரித்த சிரிப்பு இடியைவிடப் பெரிதாக இருந்தது. சொந்தக் கோலியையே தூக்கி வெளியே போட்டுக் கோல் வாங்கிய அணியை அவர்கள் அதற்கு முன் எங்கே பார்த்திருப்பார்கள்? மழை பத்து நிமிடம் பெய்து நின்றது. மிச்ச ஆட்டத்தை ஆடினோம். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. வாயெல்லாம் மண். சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்திருந்தது, அதுவும் என் தம்பியிடம் இரவல் வாங்கிய சட்டை. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நான் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது தொப்பிக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"தம்பி, அந்த சென்டர் ஹாஃப் உன் சிநேகிதனா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"நல்லா ஆடுறான். ஆனா இடி இடிச்சதும் விட்டுட்டுப் போயிட்டானே. பயந்த சுபாவமா?"

"ஆமா சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சுத்தப் பயந்தாங்கொள்ளி சார். அவனை நம்பி ஒண்ணுலயும் இறங்க முடியாது" என்று சேர்த்துச் சொன்னேன்.

அவர் நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார். மூடினார். போய்விட்டார். எழுதும்போது அவர் பென்சில் கிறீச்சிட்டது எனக்குக் கேட்டது. கேட்டபோதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நல்லா வேணும் என்றுதான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நீ ஒரு கோலி சோடாவை உடைத்துக்கொண்டு வந்தாய். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாய் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீயோ என்னைவிட அதிக ஆத்திரத்தில் இருந்தாய்.

"ஏலே, கூப்பிட்டா வெளிய வரணும்லே! எல்லாரும் வந்தாச்சு, நீ ஏம்லே வரல? கல்லு மாதிரி அங்கனயே நிக்க?"

"மேட்ச் நடக்குதுலே மடையா! பந்து வந்துக்கிட்டிருக்கு, எங்க வெளிய வர?"

நீ சோடா பாட்டிலைப் பார்த்தாய். அது மேட்ச் என்பதே உனக்கு அப்போதுதான் உறைத்தது என்று உன் முகத்தில் தெரிந்தது. மெல்லச் சொன்னாய்: "வெளிய போனதும் ஆளை எண்ணுனேன். பத்துதான் வந்துச்சு. திரும்பி எண்ணுனேன், அப்பவும் பத்து. ஒரு ஆளு குறையுது. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியலலே." பிறகு, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற உன் அண்ணனைப் பார்த்துக்கொண்டு, "எங்க அண்ணன அன்னைக்கு யாரும் எண்ணல" என்றாய்.

நீ ஓடியது எங்கே என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மற்றவர்கள் விட்டு வெளியேறிய ரூமுக்குள், உள்ளே மாட்டிக்கொண்டவனை எடுக்க ஓடியிருக்கிறாய். அப்படிப்பட்டவனைத்தான் நான் பயந்தாங்கொள்ளி என்று சொல்லி, அதை ஒருவர் எழுதிக்கொண்டும் போய்விட்டார். என் ஒரு வார்த்தையால் உன்னை அந்த மருந்து ரூமுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டேன் என்று பட்டது. "இந்தா, குடிலே, கோவிச்சுக்காத" என்று நீ சோடாவை நீட்டினாய். நான் வாங்கவில்லை.

மெட்ராஸ் ரயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மைதானத்திலிருந்து ஜங்ஷன் ஒரு மைலுக்குக் குறையாது. ஓடினேன். பருத்தி வண்டிகளுக்கு நடுவே, மிளகாய் மூட்டைகளைத் தாண்டி, கிழிந்த சட்டையோடு, வெறுங்காலோடு ஓடினேன். யாரோ திருடன் என்று நினைத்து இரண்டு பேர் என்னைக் கொஞ்ச தூரம் துரத்தினார்கள். குறுக்கு வழி என்று தண்டவாளத்து ஜல்லியில் இறங்கியதில் பாதம் கிழிந்தது.

தொப்பிக்காரர் பெட்டிக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சார், நான் சொன்னது பொய் சார். கோவத்துல சொல்லிட்டேன். அதை அடிச்சிருங்க சார்."

"எழுதினதை அடிக்கிற வழக்கம் எனக்கு இல்லையே தம்பி" என்றார்.

பட்டாசுக் கம்பெனியில் இடி இடித்தால் என்ன செய்வார்கள் என்று சொன்னேன். எண்ணுவதைச் சொன்னேன். உன் அண்ணனைச் சொன்னேன். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். "எல்லாரும் வெளிய வாற நேரத்துல அவன் உள்ள ஓடி வந்தான் சார். கோலைக் காப்பாத்த வரல சார், என்னைக் காப்பாத்த வந்தான். அவன் பயந்தவன் இல்ல சார்" என்றேன். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப் போகிறது.

அவர் என் காலைப் பார்த்தார். "ரத்தம் வருதே. போய்க் கட்டுப் போட்டுக்கோ" என்றார். ரயில் நகர்ந்தது. அடித்தாரா, இல்லையா என்று கடைசிவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் உன் முகத்தைப் பார்க்கக் கூசும். உன் அம்மா வழியில் வந்தால் சந்துக்குள் புகுந்துவிடுவேன். நீயோ கவலையே இல்லாமல், "எடுத்தா எடுக்காக, எடுக்காட்டி நம்ம ரூம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். ஆடி மாதம் ஒரு மத்தியானம் அச்சகத்து வாசலில் வந்து நின்று, ஒரு தபாலை நீட்டி, "என்ன எழுதியிருக்குன்னு படிலே" என்றாய். ஸ்டேட் டீம் முகாமுக்கு வரச் சொல்லி எழுதியிருந்தது. நான் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து, "எனக்குக் கிடைச்சதுக்கு நீ ஏம்லே அழுத?" என்றாய்.

தபாலின் கடைசி வரி, பூட்ஸ் கொண்டு வர வேண்டும் என்றிருந்தது. அதுதான் பெரிய கூத்து. விருதுநகரில் தேடி ஒரு பழைய பூட்ஸ் வாங்கினோம். அடியில் ஆணி அடித்த பூட்ஸ். உரசினால் பொறி பறக்கும் என்று, ஆணி இருக்கிற செருப்பே கம்பெனி வாசலைத் தாண்டாது. அந்த வழக்கத்தில் நீ அதை உன் வீட்டுக்குள்ளும் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டாய். அது என் வீட்டு ஆணியில் தொங்கியது. என் அம்மா, "பூசணிக்காயைத் தொங்கவிட்டாலும் திருஷ்டிக்கு ஆகும், இது என்னத்துக்குடா ஆகும்?" என்று ஒரு மாதம் புலம்பினாள். அதை மாட்டிக்கொண்டு நீ முதல் நாள் ஆடியபோது, ஆணி தரையில் உரசிவிடுமோ என்று ஒவ்வொரு காலையும் கொக்கு மாதிரித் தூக்கித் தூக்கி வைத்தாய். நம் லெஃப்ட் அவுட் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டான்.

ஆனால் நீ பழகிக்கொண்டாய். நாலு சீசன் ஸ்டேட் டீமுக்கு ஆடினாய். பெங்களூர், ஹைதராபாத், கல்கத்தா என்று போய் வந்தாய். அறுபதுகளின் தொடக்கத்தில் இந்திய அணி முகாமுக்கே உன்னைக் கூப்பிட்டார்கள். மூன்று வாரம் இருந்துவிட்டு, முழங்காலில் கட்டோடு திரும்பி வந்தாய். ஊரே துக்கம் விசாரிக்க வந்தது. நீ கட்டிலில் சாய்ந்துகொண்டு, "நல்லாத்தான் கவனிச்சாக. ஆனா மூணு வேளையும் ரொட்டி. அங்கன இன்னும் ஒரு வாரம் இருந்தா முழங்கால் நல்லா ஆயிருக்கும், நான் செத்திருப்பேன்" என்றாய். துக்கம் கேட்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு நீ பெரிய ஆட்டம் ஆடவில்லை. அதற்குள் ரயில்வே வேலை கிடைத்திருந்தது, உன் அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பெங்களூர் ஆட்டத்தில் இடி இடித்த கதையை நீ சொல்லாத ஆள் இல்லை. "கை தன்னால மேல போயிருச்சுலே. பல்லைக் கடிச்சு இறக்கினேன். கோலியைத் திரும்பிப் பார்த்தேன், மலையாளத்துப் பய, நல்லா நின்னுக்கிட்டிருந்தான். சரி, உங்க ஊர் வழக்கப்படி நில்லுன்னு விட்டுட்டேன்."

நான் தொப்பிக்காரரிடம் சொன்னதை மட்டும் உன்னிடம் சொல்ல எனக்கு எட்டு வருடம் ஆயிற்று. உன் ரயில்வே குடியிருப்பில் ஒரு ஞாயிறு மத்தியானம். "வாங்கண்ணே, சாப்பிட்டீகளா?" என்று உன் வீட்டுக்காரி இலை போட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். நீ ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "தெரியும்லே" என்றாய்.

"எப்படித் தெரியும்?"

"மெட்ராஸுல முதல் நாளே அந்தத் தொப்பிக்காரரு நோட்டைக் காட்டி வாசிச்சாரு. 'பயந்தவன்'னு ஒரு வரி. அதை அடிக்கல. அதுக்குக் கீழ இன்னொரு வரி, 'ஆனால் ஆளுக்காக உள்ளே ஓடுவான்'னு. யாருப்பா அந்தக் கோலி, என்கிட்ட ரயிலடிக்கு ஓடி வந்து அழுதானேன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எங்க கோலியா? ஓடினானா? எம்புட்டுத் தூரம்னு கேட்டேன். ஒரு மைல்னாரு. அது நம்ம ஆளு இல்ல சார், வேற யாரோன்னு சொல்லிட்டேன்."

உன் வீட்டுக்காரி கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கோபம். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீயா எப்பச் சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எட்டு வருசம் இழுத்துட்ட. சோத்தைத் தின்னுலே" என்றாய். அன்றைக்கு நான் மூன்று தடவை சோறு வாங்கித் தின்றேன்.

உன்னிடமிருந்து எனக்கு ஆட்டம் ஒட்டவில்லை. தலையை எண்ணுகிற வியாதி ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்கு வேன் பிடித்தாலும், ஆஸ்பத்திரிக்கு நாலு பேரோடு போனாலும், கடைசியாக நின்று எண்ணிவிட்டுத்தான் ஏறுவேன். வீட்டில் கேலி செய்வார்கள். ஒரு தடவை சாத்தூர் டீக்கடையில் மருமகளின் தம்பியை விட்டுவிட்டு வேன் கிளம்பியபோது நான்தான் கத்தி நிறுத்தினேன். அன்றிலிருந்து கேலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிய அன்று பழைய ஆட்டக்காரர்கள் ஆறு பேர் வந்திருந்தோம். எல்லாம் முடிந்து, சுடுகாட்டை விட்டு வெளியே வந்து ரோட்டில் நின்றோம். நான் எண்ண ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை, வாய் தானாக எண்ணியது. திரும்பவும் எண்ணினேன். "ஒரு ஆளு குறையுதுலே" என்றேன்.

"வா, போவோம்" என்று நம் லெஃப்ட் அவுட் என் தோளைத் தொட்டான்.

நான் திரும்பி உள்ளே பத்தடி நடந்துவிட்டேன். அவர்கள் பின்னால் வந்து என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்கள். பிறகு டீக்கடையில் உட்கார்ந்து உன்னைப் பற்றிப் பேசினோம், கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். எழுந்து கிளம்பும்போது ஒருமுறை, பஸ்ஸில் ஏறும்போது ஒருமுறை, மறுபடியும் எண்ணினேன். எனக்கு இன்னும் கணக்குச் சரியாக வரவில்லை.